கலைச்சொல் விவாதம்: 'கன் ஃபிட்' பொருத்தமா, வாகா?

மடல் 1

வணக்கம்.

முதன்முதலாக ஷாட்கன் வாங்குகிறவருக்கான கையேட்டில் சொற்பட்டியல் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு தடவை சுட்டால் பல சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன், 'சிதறு துப்பாக்கி' ஆயிற்று. குழல், விசை, தோட்டா எல்லாம் ஏற்கெனவே புழங்குகிறவை, தொடவேண்டியதில்லை. குழல்முனையை ஒடுக்கும் 'சோக்', 'முனைக்குறுக்கம்' என்று ஒப்புக்கொண்டோம். இழுபறியில் இருப்பது 'ஃபிட்' ஒன்றுதான். துப்பாக்கியின் பின்கட்டை, சுடுகிறவருடைய கை, தோள், கழுத்து, கன்னம் ஆகியவற்றின் அளவுக்கு ஒத்துவருவதைக் குறிக்கும் சொல். வரைவில் 'பொருத்தம்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மடல் 2

> வரைவில் 'பொருத்தம்' என்று போட்டிருக்கிறேன்.

பத்துப் பொருத்தம் நினைவுக்கு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இதே கையேட்டின் தோட்டா அத்தியாயத்தில் 'இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்துமா' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. 76 மி.மீ. தோட்டா, 70 மி.மீ. தோட்டாவறைக்குள் தாராளமாகப் போய் உட்காரும். பெட்டியில் அச்சிட்டிருப்பது சுட்டபின் வாய்மடிப்பு விரிந்த நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. சுடும்போது மடிப்பு விரிய அறையில் இடம் இருக்காது. குழல் ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் போய் அது நெருக்க, அழுத்தம் எகிறும். 20 கேஜ் தோட்டா (12 கேஜைவிட விட்டம் சிறியது) இன்னும் மோசம். 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய்ச் சற்று முன்னால் சிக்கிக்கொள்ளும். அறையைப் பார்த்தால் காலியாகத் தெரியும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறத்தை ஒதுக்கியிருப்பது இதற்காகத்தான். ஆக, தோட்டாவைப் பொறுத்தவரை 'உள்ளே போகிறது' வேறு, 'பொருந்துகிறது' வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்ல 'பொருத்தம்' அங்கே தேவைப்படுகிறது. அதே சொல்லை ஆளுக்கும் போட்டால் படிப்பவர் குழம்புவார்.

இன்னொன்று. ரைபிளில் பின்குறி, முன்குறி இரண்டும் உலோகத்தில் இருக்கின்றன. கட்டை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் குறிகளை நேராக்கிச் சமாளிக்கலாம். பறக்கும் இலக்கைச் சுடுவதற்கான சிதறு துப்பாக்கியில் பெரும்பாலும் குழல்முனையில் ஒரு மணி மட்டுமே இருக்கும். பின்குறி சுடுகிறவரின் கண்தான். கண் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது கன்னம் படும் மேடு. அந்த மேடு 1.6 மி.மீ. உயர்ந்தால் 16 கஜத்தில் சிதறலின் மையம் ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே போகும். இத்தனை வேலை செய்கிற ஒன்றுக்குத் தனிச்சொல் வேண்டும்.

என் பரிந்துரை: வாகு. 'வாகாக உட்கார்', 'அரிவாள் கைக்கு வாகாக இருக்கிறது' என்று பேச்சில் இருப்பதுதான். கருவி ஆளோடு சேர்ந்துகொள்வதை இதைவிட நேராகச் சொல்லும் சொல் எனக்குத் தெரியவில்லை.

மடல் 3

> என் பரிந்துரை: வாகு.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்குகிறவரை ஏமாற்றும் என்பதுதான் என் கவலை. கட்டை வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடையில் எடுத்துப் பார்க்கும்போது குட்டையான, எடை குறைந்த துப்பாக்கி எல்லாருக்கும் 'வாகாக' இருக்கும். 2.7 கிலோ துப்பாக்கி கையில் துள்ளும், 3.4 கிலோ கனக்கும். ஆனால் ஒரே தோட்டாவைச் சுட்டால் 2.7 கிலோ துப்பாக்கியின் பின்னுதைப்பு ஆற்றல் மற்றதைவிடக் கால்பங்கு கூடுதல். ஐந்து தோட்டாவுக்குள் அது தெரியாது. ஐம்பதாவது தோட்டாவில் தோள் சுருங்கும், கண் தானாக மூடும். வீசியெறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடப் பழகுகிறவருக்கு 3.2 கிலோவுக்கு மேற்பட்ட 12 கேஜும் 24 அல்லது 28 கிராம் ஈயக்குண்டு கொண்ட தோட்டாவும்தான் நிதானமானவை. ஒலிம்பிக்கின் தட்டு சுடும் போட்டிகளான ட்ராப், ஸ்கீட் இரண்டிலுமே 24 கிராம்தான்.

கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழக்கமும் இப்படித்தான். அது முன்கை நீளத்தை மட்டும் காட்டும். கழுத்து நீளம், கன்ன எலும்பு, மார்பின் அகலம் எதையும் காட்டாது. அதிலும் 'வாகாக இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள்.

அளந்து சொல்லக்கூடியதை உணர்வுச் சொல்லால் மூடக் கூடாது. தையற்காரர் எடுப்பதுபோல இங்கேயும் எடுப்பது ஆளின் அளவு. ஆகவே 'ஆளளவு'.

மடல் 4

ஈழத்து வழக்கிலிருந்து ஒரு குறிப்பு. நாங்கள் துவக்கு என்றும் சொல்லுவோம். அது இருக்கட்டும். தோட்டா அத்தியாயத்தில் உள்ளே இருக்கும் ஈயக்குண்டுகளை 'ரவை' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் ரவை என்றால் முழுத் தோட்டாவையே நினைப்பார்கள். '28 கிராம் ரவை' என்று படித்துவிட்டு முழுத் தோட்டாவின் எடை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. 'ஈயக்குண்டு' என்றே விட்டுவிடுங்கள்.

வாகு பற்றி: வாகு என்றால் தோள், கை என்றும் பொருள் உண்டு. வாகுவலயம் தோளில் அணிவது. தோளில் வைத்துச் சுடும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான (மன்னிக்க, வாகான) சொல் கிடைக்காது. ஆளளவு என்றால் ஆளின் அளவு மட்டும்தான். நீங்கள் கட்டையில் அளப்பது கட்டையின் அளவுகளை அல்லவா? இரண்டும் வேண்டுமென்றால் தன்மைக்கு வாகு, கட்டையில் அளக்கும் எண்களுக்கு வாகளவு.

மடல் 5

வாகளவு எனக்குச் சம்மதம். மூன்றாம் மடலில் நான் சொன்ன மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கிளைச்சொற்களை இப்போதே கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தாய்ச்சொல் காற்றில் நிற்கும்.

'லெங்த் ஆஃப் புல்': விசையின் முன்முகத்திலிருந்து கட்டையின் அடிமுகத்து நடுவரை உள்ள தூரம். இரட்டை விசை என்றால் முன்விசையிலிருந்து. 'இழுப்பு நீளம்' என்று மொழிபெயர்க்காதீர்கள், எதை இழுப்பது என்று தெரியாது. 'விசைநீளம்' போதும். பெரியவர்களுக்கான துப்பாக்கிகள் பெரும்பாலும் 35.5 முதல் 37 செ.மீ. வரை வரும், சிறுவர்களுக்கானவை 30 முதல் 33. நீளம் கூடினால் தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் துணி மாட்டும். கட்டை தோள்குழியில் உட்காராமல் புயத்துக்கு நகரும், அங்கே கன்றிப்போகும். குறைந்தால் விசைக்கையின் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருப்பது சரியான அடையாளம்.

'காம்ப்': கன்னம் படும் விளிம்பு. சீப்பு என்று போட்டால் சிரிப்பார்கள். 'கன்னமேடு'.

'டிராப்': குழல்மேல் பட்டையின் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், அதற்குக் கன்னமேடு எவ்வளவு கீழே, கட்டையின் குதி (அடிமுகத்தின் மேல்நுனி) எவ்வளவு கீழே என்ற இரண்டு எண்கள். 'முன்தாழ்வு', 'பின்தாழ்வு'. ஏறத்தாழ 38 மி.மீ., 57 முதல் 63 மி.மீ. என்பது வழக்கமான அளவு. முதல் துப்பாக்கி வாங்குகிறவரை அதிகம் படுத்துவது முன்தாழ்வுதான். தாழ்வு கூடுதலாக இருந்தால் கன்னத்தை ஊன்றியவுடன் பட்டையும் மணியும் மறைந்துவிடும், சுட்டது கீழே போகும். மணியைப் பார்க்கத் தலையைத் தூக்குவார். கன்னத்துக்கும் கட்டைக்கும் இடைவெளி விழும், பின்னுதைப்பில் கட்டை வந்து கன்ன எலும்பில் அடிக்கும். 'இந்தத் துப்பாக்கி ரொம்ப உதைக்கிறது' என்ற புகாரில் பாதி இதுதான், தோட்டாவின் தப்பில்லை. தாழ்வு குறைந்தால் பட்டை முழுக்கத் தெரியும், சுட்டது மேலே போகும். மேலெழும் தட்டைச் சுடும் ட்ராப் துப்பாக்கிகளில் வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். பழைய ட்ராப் துப்பாக்கியை எல்லாவற்றுக்கும் என்று வாங்குகிறவர் இதை அறிந்து வாங்க வேண்டும்.

'காஸ்ட்': கட்டை பக்கவாட்டில் விலகியிருப்பது. வலத்தோளில் வைப்பவருக்கு வலப்பக்கம், ஏறத்தாழ 3 முதல் 6 மி.மீ. ஆங்கிலத்தில் 'ஆஃப்', 'ஆன்' என்று வைத்துக்கொண்டு இடக்கைக்காரர்களைக் குழப்புவார்கள். நமக்கு 'வலவொதுக்கு', 'இடவொதுக்கு'. எந்தக் கைக்காரரும் புரிந்துகொள்வார்.

'பிட்ச்': அடிமுகம் எந்தக் கோணத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது. 'அடிச்சாய்வு'. தவறினால் கட்டையின் கீழ்நுனி மார்பில் குத்தும். பெண்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது; நுனியை உருட்டி வெளிப்பக்கம் சற்றுத் திருப்பினால் தீரும்.

மடல் 6

சொற்கள் சரி. வாங்குகிறவர் முதலில் கேட்பது 'எத்தனை கேஜ்' என்றுதானே? அதற்குச் சொல் வேண்டாமா?

மடல் 7

> அதற்குச் சொல் வேண்டாமா?

வேண்டாம். குழலின் உள்விட்டத்துக்குச் சரியாக வரும் ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை என்பதே கேஜ். 12 உருண்டை என்றால் 12 கேஜ், 18.5 மி.மீ. 20 உருண்டை என்றால் ஒவ்வொன்றும் சிறியது, 15.6 மி.மீ. எண் ஏற ஏற விட்டம் இறங்கும். 'விட்ட எண்' என்று மாற்றினால் பெரிய எண் பெரிய குழல் என்று நினைக்க வைப்போம். கேஜ் என்றே இருக்கட்டும், 'போர்' என்பவர்களும் இருக்கிறார்கள். '.410' மட்டும் கேஜ் அல்ல, அங்குலத்தில் விட்டம். உதைப்பு குறைவு என்று புதியவர் கையில் அதைத் திணிப்பதைக் கையேடு கண்டிக்க வேண்டும். ஈயக்குண்டுகள் குறைவு, தவறவிடுவது அதிகம். நல்ல வாகுள்ள எடையான 20 கேஜும் லேசான தோட்டாவும் எவ்வளவோ மேல்.

மடல் 8

இதுவரை பேசியதை வைத்துப் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன்:

வாகு: சிதறு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றிக் கன்னத்தில் ஊன்றியதும், தலையை அசைக்காமலே கண் குழல்மேல் பட்டையின் நேர்க்கோட்டில் வந்து நிற்குமாறு பின்கட்டை உடலுக்கு இசைந்திருப்பது. அளவிடப்படுவன: விசைநீளம், முன்தாழ்வு, பின்தாழ்வு, ஒதுக்கு, அடிச்சாய்வு. இவை வாகளவுகள்.

சோதனை: துப்பாக்கியைத் திறந்து அறையும் தோட்டாக்கூடும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, நிலைக்கண்ணாடி முன் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி, பிறகு திறக்கவும். கருவிழி பட்டைக்குச் சற்று மேலே, நடுவில் தெரிய வேண்டும்.

மடல் 9

கண்ணாடி யோசனை நன்று, குழலுக்கு எதிரே யாரும் நிற்க வேண்டியதில்லை. மூன்று திருத்தங்கள்.

சோதனைக்கு முன்னால் ஆளும் கண் எது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் நீட்டி விரல்களுக்கிடையே சிறு துளை வைத்து, இரு கண்ணும் திறந்தபடி தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்க்கவும். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுவே ஆளும் கண். வலத்தோளும் இடக்கண்ணுமாக இருந்தால் வாகு மட்டும் அதைத் தீர்க்காது. தோளை மாற்ற வேண்டும், அல்லது சுடும்போது அணியும் கண்ணாடியின் இடப்பக்கத்தில் சிறிய ஒளிமங்கும் நாடா ஒட்ட வேண்டும்.

கண்ணாடிச் சோதனை பாதிதான். மீதி சுடுகளத்தில். 16 கஜத்தில் ஒரு மீட்டர் அகலத் தாள், நடுவில் கறுப்புப் புள்ளி, இறுக்கமான முனைக்குறுக்கம். நிதானித்துக் குறிபார்க்காமல் ஏற்றியதும் சுட வேண்டும், ஐந்தாறு முறை. சிதறலின் மையம் 5 செ.மீ. இடப்பக்கம் விழுந்தால் கண் 3 மி.மீ. இடப்பக்கம் நிற்கிறது என்று கணக்கு. அதற்காக உடனே ரம்பத்தை எடுக்க வேண்டாம். கன்னமேட்டுக்கு ஒட்டுப்பட்டை, அடிமுகத்துக்கு இடைத்தகடு என்று தற்காலிகமாக மாற்றிப் பார்த்து, சரி என்று உறுதியான பிறகே வெட்டுவதும் சூடேற்றி வளைப்பதும். அரைத்தானியங்கிச் சிதறு துப்பாக்கிகள் பலவற்றில் தாழ்வையும் ஒதுக்கையும் மாற்ற 'ஷிம்' எனும் மெல்லிய தகடுகள் பெட்டியிலேயே வரும். வாங்கும்போது கேட்டு வாங்கச் சொல்லுங்கள், பழையதை விற்கிறவர்கள் பலர் இதைத் தொலைத்துவிட்டே விற்பார்கள்.

கடைசியாக, வரையறையில் 'உடலுக்கு' என்பதை 'சுடும்போது அணியும் உடையோடு கூடிய உடலுக்கு' என்று மாற்றுங்கள். தடித்த மேலாடை போட்டால் விசைநீளம் 5 முதல் 10 மி.மீ. கூடினதுபோல ஆகிவிடும். மெல்லிய சட்டையில் அளவெடுத்துவிட்டுக் குளிரில் சுடப்போகிறவருக்குக் கட்டை அக்குளில் மாட்டும்.

மடல் 10

மாற்றிவிட்டேன். 'மவுண்ட்' பாக்கி. 'ஏற்றுதல்' என்றே பதிவிலும் எழுதியிருப்பதால் 'தோளேற்றம்' என்று போடுகிறேன். மறுப்பிருந்தால் புது இழையில்.