நாய்க்குட்டி இரவெல்லாம் அழுகிறது

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு. 8 வாரக் குட்டி வந்து இரண்டு இரவாகிறது. ரயில் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஓடி ஊளையிடுகிறது. பக்கத்து வீட்டு அன்ரி நேற்றுக் கதவையே தட்டிவிட்டார். சமையலறையில் தனியே படுக்கவிட்டது பிழையா?

பதில்: பிழைதான் தம்பி. தாயின் சூட்டைத் தேடுகிறது. உங்கள் கட்டிலோரம் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் நீங்கள் உடுத்திய, தோய்க்காத சாரம் (லுங்கி). அழுதால் கையைத் தொங்கவிடுங்கள். என்னுடையது விரலை நக்கிக்கொண்டே தூங்கியது. நடுச்சாமத்தில் ஒருமுறை மூத்திரத்துக்குத் தூக்கிப் போங்கள், இந்த வயதில் அதிக நேரம் அடக்காது.

இன்னொருவர்: ரயில் வரும்போது அவித்த கோழித் துண்டு கொடுங்கள், பழகிவிடும். அப்புறம், தடுப்பூசி முடியும்வரை கடற்கரை வீதியான மரைன் டிரைவில் தரையில் விடாதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் பொல்லாதது.

கேட்டவர்: சாரம் சரிவந்தது அண்ணா. சாரத்தில்தான் பெரிய ஓட்டை.