பயிற்சி முடித்தால் அரசு வேலை என்றார்கள், இப்போது 'கோர்ட்டில் ஸ்டே' என்கிறார்கள். வழக்கில் சேரலாமா?

கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, ஒரு அறக்கட்டளை ஓராண்டு சுகாதாரப் பணியாளர் பயிற்சி நடத்துவதாக நோட்டீஸ் வந்தது. அதில் அசோகச் சின்னம் இருந்தது. 'அரசு பதிவு பெற்றது' என்று ஒரு எண்ணும் இருந்தது. பயிற்சி முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணி நியமனம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கட்டணம் 60,000 ரூபாய், மூன்று தவணை. அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம். முதல் தவணைக்கு மட்டும் ரசீது கொடுத்தார்கள், அதிலும் 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது தவணையை ஜிபேயில் அனுப்பினேன். மூன்றாவதைக் கையில் கொடுத்தோம், ரசீது இல்லை.

வகுப்பு நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இரத்த அழுத்தம் பார்ப்பது, கொசுப்புழு ஒழிப்பு, தடுப்பூசி அட்டவணை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். போன ஜூனில் பயிற்சி முடிந்து சான்றிதழும் வந்தது. வேலைதான் வரவில்லை. முதலில் தேர்தல் நடத்தை விதி என்றார்கள். அப்புறம் கோப்பு தலைமைச் செயலகத்தில் இருக்கிறது என்றார்கள். இப்போது யாரோ கோர்ட்டில் ஸ்டே (தடை உத்தரவு) வாங்கிவிட்டார்களாம். அது நீங்கியதும் ஆர்டர் வரும், ஆர்டர் செலவுக்கு இன்னும் 40,000 தயாராக வையுங்கள் என்கிறார்கள். என் பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அவர்களிடமே இருக்கின்றன.

கூடப் படித்தவர்கள் ஆளுக்கு 5,000 போட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போடப் போகிறார்கள். வக்கீலை ஏற்பாடு செய்து தருவதும் அந்த நிறுவனம்தான். நான் சேரலாமா? வேலை கிடைக்குமா? வேலை கிடைக்காவிட்டால் பணமாவது திரும்பி வருமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்):

சகோதரி, உரிமையியல் வழக்குகளும் நுகர்வோர் வழக்குகளும் பார்ப்பவன் நான். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர்கள் ஏற்பாடு செய்யும் வக்கீலின் வக்காலத்திலும் (உங்களுக்காக வாதாட அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வழக்கு அந்த நிறுவனத்தின் மேல்தான் வர வேண்டியது. அவர்களே வக்கீலை வைத்துக் கொடுத்தால் அவர் யாருக்காகப் பேசுவார்?

ஸ்டே என்றால் வழக்கு எண், ஆண்டு இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எண் இருந்தால் உயர் நீதிமன்ற இணையதளத்திலோ ஈ-கோர்ட்ஸ் தளத்திலோ மனுதாரர் யார், எதிர்மனுதாரர் யார், என்ன உத்தரவு என்பதை நீங்களே காசில்லாமல் பார்க்கலாம். பணி நியமனத்துக்குத் தடை என்றால் அது ஏதாவது ஒரு பணி அறிவிக்கையின் மேல்தான் இருக்கும். சுகாதாரத் துறையில் நிரந்தரப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிடும். ஒப்பந்தப் பணி என்றால் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் விளம்பரம் செய்யும். உங்கள் பணிக்கு அப்படி எதுவும் வந்ததா? அறிவிக்கையே வராத வேலைக்குத் தடை எப்படி வரும்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலை கேட்டு வழக்குப் போட்டால் கிடைக்காது. மனத்தைத் தேற்றுவதற்காக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு தனியார் அறக்கட்டளை கொடுத்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தாது. அரசமைப்புச் சட்டத்தின் 14, 16ஆம் பிரிவுகளின்படி அரசு வேலைக்கு வெளிப்படையான அறிவிப்பும் போட்டியும் வேண்டும். அந்த வழியில் வராத நியமனத்தை நிரந்தரமாக்கக் கேட்க உரிமையில்லை என்று 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, 1991இல் சங்கரசன் தாஷ் வழக்கில், முறையாகத் தேர்வாகிப் பட்டியலில் பெயர் வந்தவருக்கே நியமனத்தைக் கட்டாயமாகக் கேட்கும் உரிமை கிடையாது என்று தீர்ப்பாகியிருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் மற்றவருக்கு அரசுப் பணி வாங்கித் தருவதாகச் சொல்கிறார், அதற்காக மற்றவர் 1,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொள்கிறார், இந்த ஒப்பந்தம் செல்லாது என்று அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த வியாபாரம் நடந்திருக்கிறது பாருங்கள். "பணம் கொடுத்தேன், வேலை கொடு" என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது.

இந்த மாதிரி ரிட் மனுக்கள் (அரசுக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் போடும் மனுக்கள்) எப்படி முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நீதிமன்றம் "மனுதாரரின் கோரிக்கையைச் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்க வேண்டும்" என்று துறைக்குச் சொல்லி மனுவை முடித்துவைக்கும். வேலை கொடு என்று அதற்குப் பொருள் இல்லை. துறை பரிசீலித்துவிட்டு, இந்தப் பயிற்சிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பும். ஆனால் அந்த நீதிமன்ற உத்தரவை நிறுவனம் படமெடுத்து அடுத்த அணி மாணவர்களுக்குக் காட்டும். நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று சொல்லிப் பணம் வாங்கும். உங்கள் 5,000 அதற்குத்தான் பயன்படும்.

பதில் 2 (பொதுத்துறை ஆலையில் அப்ரண்டிஸ் முடித்தவர்):

வக்கீல் ஐயா சொன்னது தனியார் விஷயம். அரசே நடத்தும் பயிற்சி எப்படி என்று பலர் கேட்பார்கள், அதனால் எழுதுகிறேன். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஒரு பெரிய பொதுத்துறை ஆலையில் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சி முடித்தவன். அங்கே பணம் கட்டவில்லை, உதவித்தொகை கொடுத்தார்கள். ஆனாலும் வேலை உறுதி கிடையாது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 22ஆம் பிரிவு, பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றிய கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ள விடுகிறது, வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. பயிற்சிக்குப் பின் அங்கேயே வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை எழுதியிருந்தால், அவர்களும் தகுந்த வேலை கொடுக்க வேண்டும். அதனால் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

1995இல் உத்தரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கைகொடுத்தது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும், வயது வரம்பிலும் தளர்வு பார்க்கலாம் என்றது. ரயில்வே கடைநிலைப் பணிகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு 20 விழுக்காடு ஒதுக்குகிறது, ஆனால் அவர்களும் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

அரசே முழு மனத்தோடு பயிற்சி கொடுத்தாலும் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அர்ச்சகர் பள்ளி மாணவர்களைப் பாருங்கள். தகுதியுள்ள எந்தச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் அரசாணை வந்தது, ஆறு ஊர்களில் பள்ளி தொடங்கினார்கள், 206 பேர் பயிற்சி முடித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு வந்தது 2015 டிசம்பரில். 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேருக்கு ஒரே நேரத்தில் நியமன ஆணை கிடைத்தது. அவர்கள் பக்கம் அரசாணை என்ற காகிதம் இருந்தது. உங்கள் கையில் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா, தங்கச்சி?

கேள்வி கேட்டவர்:

அரசாணை எதுவும் இல்லை அண்ணா. கேட்டபோது "உள் சுற்றறிக்கை, வெளியே காட்டக் கூடாது" என்றார்கள்.

வக்கீல் ஐயாவுக்கு நன்றி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னை அங்கே சேர்த்துவிட்டது என் சித்தப்பா. தன் மகளையும் அங்கேதான் சேர்த்தார், அவரும் பணம் இழந்திருக்கிறார். நான் போலீஸில் புகார் கொடுத்தால் அவரை ஏஜெண்டு என்று இழுத்துவிடுவார்கள் என்று அப்பா பயப்படுகிறார். வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சண்டையாகிறது.

பதில் 3 (ஓய்வுபெற்ற அரசு ஊழியர்):

பாப்பா, 40,000 ரூபாய் பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது அதிகாரிக்குப் போகிறது என்று அவர்கள் சொல்லியிருந்தால், அதன் பெயர் லஞ்சம். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொன்னவருக்கு மட்டும்தான் பாதுகாப்பு. தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை வேலை மோசடி வழக்கில், பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமரசமாகிவிட்டோம் என்று சொல்லிக் குற்ற வழக்கை முடிக்கப் பார்த்தார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பயிற்சி நடந்ததால் வேலையும் உண்மையாகத்தான் இருக்கும் என்று உங்கள் வகுப்பில் சிலர் இன்னும் நம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் டெல்லியில் நடந்ததைச் சொல்லுங்கள். 2022இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரை, ரயில்வே வேலைக்குப் பயிற்சி என்று சொல்லி, புது டெல்லி ரயில் நிலையத்தில் தினமும் எட்டு மணி நேரம் வந்து போகும் ரயில்களை எண்ண வைத்தார்கள். ஒரு மாதம் எண்ணினார்கள். எல்லாருமாகக் கொடுத்த பணம் 2.67 கோடி ரூபாய். படித்த பிள்ளைகள், குடும்பத்தைக் கரை சேர்க்க நினைத்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதில் 4 (மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்):

சித்தப்பா விஷயத்தில் அப்பாவின் பயம் புரிகிறது. அவர் கமிஷன் வாங்கவில்லை, தன் மகளுக்கும் பணம் கட்டினார் என்றால் அவரும் பாதிக்கப்பட்டவர்தான். அவர் தனியே ஒளிந்துகொண்டால்தான் ஏஜெண்டு மாதிரித் தெரியும். அவரையும் அவர் மகளையும் உங்களோடு சேர்ந்து புகார் கொடுக்கச் சொல்லுங்கள். கமிஷன் வாங்கியிருந்தால் முதலில் வீட்டுக்குள் உண்மையைப் பேசிவிடுங்கள். அவர் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுங்கள். இத்தகைய வேலை மோசடிகளை அங்குள்ள மாவட்டக் குற்றப் பிரிவு விசாரிக்கும். மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றுதல் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் வரும். நீங்கள் சேர்ந்தது 2024 ஜூலை 1க்கு முன்பு என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. அசோகச் சின்னத்தை நோட்டீஸில் போட்டதே அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம், அதையும் எழுதுங்கள். 'அரசு பதிவு' என்று அவர்கள் போட்டிருக்கும் எண் அறக்கட்டளை பத்திரப் பதிவு எண்ணாகத்தான் இருக்கும். அறக்கட்டளையைப் பதிவு செய்வது வேறு, பயிற்சிக்கு அரசு அங்கீகாரம் தருவது வேறு. இதை உறுதி செய்ய, சுகாதாரத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா, இந்தப் பயிற்சி எந்தப் பணிக்காவது தகுதியாக ஏற்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டு கேள்வி போதும். "அப்படி எதுவும் இல்லை" என்று துறை எழுதித் தரும் பதில் உங்கள் வழக்கில் முக்கியமான சான்றாகிவிடும்.

பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். அங்கீகாரம் இருப்பதாகவும் வேலை தருவதாகவும் பொய் விளம்பரம் செய்து பயிற்சிக் கட்டணம் வாங்கினார்கள் என்பதுதான் உங்கள் புகார். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வகுப்பு நடந்ததையும் மறைக்காதீர்கள், எதிர்த்தரப்பு எப்படியும் அதைச் சொல்லும். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று வாதாடுவார்கள். 2020இல் தேசிய ஆணையம் பயிற்சி மையங்கள் கல்வி நிறுவனங்கள் ஆகா, அவை சட்டத்துக்குள் வரும் என்று சொல்லியிருக்கிறது. ரசீதில் 'நன்கொடை' என்று இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரே வகுப்பில் இருந்த எல்லோரும் ஒரே தொகையை ஒரே தவணையில் 'நன்கொடை' கொடுத்தார்களா என்று ஆணையம் கேட்கும். அதனால் கூடப் படித்தவர்களின் ரசீதுகளையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5,000 சேர்க்கும் கூட்டத்தை இதற்குத் திருப்புங்கள்.

கெடு இரண்டு ஆண்டு. போன ஜூனிலிருந்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆர்டர் வருமா என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

சான்றிதழ்களைத் திருப்பித் தரக் கேட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். படிப்புச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, பணப் பாக்கி என்று சொல்லிப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸுக்கு வக்கீல் கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணுக்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கேள்வி கேட்டவர்:

சித்தப்பாவிடம் இன்று பேசினேன். கமிஷன் வாங்கவில்லை என்று அம்மா முன்னால் சொன்னார். தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். 40,000 கேட்டு அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு என்னிடம் இருக்கிறது. இது உதவுமா?

பதில் 5 (மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்):

மிகவும் உதவும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள், அந்தக் கைபேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வழக்கறிஞர் தயார் செய்வார். ரசீதையும் குரல் பதிவையும் இங்கே பொதுவில் போடாதீர்கள். புகார் மனு எழுதி முடித்ததும் பெயர்களை மறைத்து வாசகத்தை மட்டும் போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.