மருந்து கேட்காத கிருமிக்கு ஒரு சொல் வேண்டும்

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். நவம்பர் 18 முதல் 24 வரை, கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது பற்றிய விழிப்புணர்வு வாரம். மருத்துவமனை வாசலில் ஒட்ட ஒரு சுவரொட்டி, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்தையே கிருமி தாங்கிக்கொள்வதுதான் ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ். அதை ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று எழுதிக் கொடுத்தேன். டிசைன் செய்கிற தம்பி, “எதிர்ப்பு ரெண்டு தடவ வந்திருக்கு, ஒண்ண எடுத்துடவா அக்கா?” என்கிறார். சொல் தாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எடுத்தால் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ மிஞ்சும். நுண்ணுயிரை எதிர்ப்பதா, நுண்ணுயிரின் எதிர்ப்பா? இரண்டாம் வேற்றுமைத் தொகையா ஆறாம் வேற்றுமைத் தொகையா என்று நோயாளி நின்று யோசிப்பாரா? நஞ்சை முறிப்பது நஞ்சுமுறி. மருந்தை முறிப்பது ‘மருந்துமுறி’. முடிந்தது.

நுண்ணுயிரியல் ஆய்வாளர்:
ஐயா, முறிப்பது ஒரு வழிதான். பெனிசிலின் மருந்து வேலை செய்யத் தேவையான பீட்டா லாக்டம் வளையத்தை உடைக்கிற நொதிக்கு உங்கள் சொல் கச்சிதம். 1940இலேயே ஆபிரகாம், செயின் என்ற இரு ஆய்வாளர்கள் அப்படி ஒரு நொதியை அறிவித்துவிட்டார்கள். ஆனால் பெனிசிலின் வகை மருந்தான மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, மருந்து வந்து ஒட்டும் புரதத்தோடு, சரியாக ஒட்டாத இன்னொரு புரதத்தையும் செய்து வைத்துக்கொள்கிறது. மருந்து முறியவில்லை, வேலை நடக்கவில்லை. டெட்ராசைக்ளின் என்ற மருந்து உள்ளே வர வர பம்பு போட்டு வெளியே இறைக்கிற கிருமிகளும் உண்டு. இதெல்லாம் ‘முறி’யில் அடங்காதே!

கோவைக்காரர்:
அப்படியானால் ‘மருந்துப் பழக்கம்’ என்று வைத்தால் என்ன?

நுண்ணுயிரியல் ஆய்வாளர்:
வேண்டவே வேண்டாம். கிருமி உட்கார்ந்து பழகுவதில்லை. மரபணு மாற்றத்தால் கூட்டத்தில் எங்கோ ஒன்றுக்குத் தாங்கும் திறன் முன்பே இருக்கும். மற்றவை செத்ததும் அதன் வாரிசுகள் இடத்தைப் பிடிக்கும். போதாக்குறைக்கு, பிளாஸ்மிட் என்கிற சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏற்றி அந்த மரபணுவை அடுத்த இனத்துக்கும் கொடுத்துவிடும்.

யாழ்ப்பாணம் ஆசிரியை:
எங்கட பாடநூலில் இம்யூனிட்டிக்கு ‘நிர்ப்பீடனம்’ என்று சொல்லுறம். அதால ‘எதிர்ப்பு’ எங்களுக்குக் குழப்பமில்லை. உங்களுக்குத்தான் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ குறுக்க நிக்குது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நிர்ப்பீடனம் வடசொல் அம்மா.

யாழ்ப்பாணம் ஆசிரியை:
தெரியும் ஐயா. ‘சக்தி’ மட்டும் என்னவாம்?

மருத்துவர்:
குறுக்கே நிற்பதுதான் தலைவலி. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 12 நாடுகளில் கேட்டபோது, மருந்தை எதிர்க்கத் தொடங்குவது நம் உடம்பு என்று 76 சதவீதம் பேர் நினைத்தார்கள். சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒரு பெரியவர் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட்டை நீட்டி, “எனக்கு எதிர்ப்புச் சக்தி வந்துடுச்சாமே டாக்டர்!” என்று சிரித்தார். தாளில் மேலிருந்து கீழே ஒன்பது மருந்துக்கு ‘ஆர்’, அதாவது ரெசிஸ்டன்ட், கிருமி அடங்காது. ‘எதிர்ப்பு’ என்று போட்டீர்கள் என்றால் வாழ்த்துச் செய்தியாகத்தான் படிப்பார்கள். வார்டில் எல்லோரும் சொல்வது “மருந்துக்குக் கேக்கல”. ‘மருந்து கேளாமை’ ஆகாதா?

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:
காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள் டாக்டர்.

கோவைக்காரர்:
‘மசியாமை’! ‘மருந்துக்கு மசியாக் கிருமி’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணமும் சுத்தம். பழைய துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாதே, அதே மசி. கீரை மசியலும் அதே. எழுதுகிற மசியும் இதிலிருந்தே வந்திருக்க வேண்டும். கரியை மசித்துத்தானே மை கூட்டினார்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அது வேறு மசி. இரண்டையும் கலக்காதீர்கள்.

யாழ்ப்பாணம் ஆசிரியை:
பருப்புக்குச் சோடாப்பு கொஞ்சம் போட்டால் மசியும்.

மருத்துவர்:
கிருமிக்கு அதுவும் பலிக்காது.

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:
வெள்ளி வந்துவிட்டது. முதலில் எழுதியதைச் சுருக்கி ‘மருந்தெதிர்ப்பு’ என்றதற்கு நால்வர் கை தூக்கினீர்கள், இருவர் தனிமடலில் “எதையாவது போடும்மா” என்றார்கள். தலைப்பில் பெரிதாக ‘மருந்துக்கு அடங்காத கிருமிகள்’, அடியில் பொடி எழுத்தில் ‘மருந்தெதிர்ப்பு’. நடுவில், டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று காட்டும் மாத்திரை அட்டையின் சிவப்புக் கோடு. தம்பி அனுப்பிவிட்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘மருந்தெதிர்ப்பு’ மருந்துக்கடை முன் மறியல் போலிருக்கிறது. என் வாக்கு ‘முறி’க்கே என்று குறித்துக்கொள்ளவும். இரண்டு மசியைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.