மறு: 'பெடிகிரீ கொலாப்ஸ்' – கொடிப்பின்னல் எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். குடும்ப வரைபடம் போடுகிறவர்கள் சொல்லும் 'பெடிகிரீ கொலாப்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று நம் குழுவில் வந்த யோசனைகளுக்கு ஒவ்வொன்றாக என் பதில்.

> 'வம்சாவளிச் சரிவு' என்று வைத்துவிட்டால் மூலச்சொல்லுக்கு அப்படியே பொருந்துமே?

மூலத்துக்குப் பொருந்தும், உசிலம்பட்டிக்குப் பொருந்தாது. மூதாதையர் வரைபடத்தில் ஒரே ஆள் இரண்டு கட்டத்தில் வந்து உட்காருவதைத்தான் அந்த ஆங்கிலச் சொல் குறிக்கிறது. இதில் எதுவும் சரிந்து விழவில்லை. அக்கா மகளைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடும் பங்காளிகளிடம் ஒரு பையன் மடிக்கணினியை நீட்டி, "பெரியப்பா, நம்ம வம்சத்துல இங்க சரிவு" என்று சொன்னால் அடுத்த கேள்விக்கு யார் வாய் திறப்பார்கள்?

எண் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். முன்னோருக்கு வரிசையாக எண் கொடுக்கும் அனென்டாஃபெல் முறையில் நமக்கு எண் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ஆக அப்பா 2, அம்மா 3, அம்மாவைப் பெற்ற அம்மாச்சி 7. அப்பா தன் கூடப்பிறந்த அக்கா மகளைக் கட்டியிருந்தால் அந்த 7-தான் அக்கா. அவருடைய பெற்றோர் 14, 15. அப்பாவின் பெற்றோர் 4, 5. இரண்டும் ஒரே தம்பதி. ஒரே கிழவி ஒரு பக்கம் அப்பத்தா, இன்னொரு பக்கம் பூட்டி! மாமன் மகள் என்றால் தலைமுறை பிசகாது: 10, 11-இல் இருப்பவர்களே (அப்பத்தாவின் பெற்றோர்) 12, 13-இலும் (அம்மாவின் அப்பாவைப் பெற்றவர்கள்) இருப்பார்கள். பூட்டன் பூட்டிமார் எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர்.

ஜெனி, மைஹெரிட்டேஜ் போன்ற குடும்ப வரைபடத் தளங்களில் நம் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். கட்டம் காலியாக இருக்கிறதே என்று அதே அப்பத்தாவை இன்னொரு தரம் புதிதாகப் பதிந்துவிடுகிறார்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற ஊரில், பிற்பாடு எது இரட்டைப் பதிவு, எது வேறு ஆள் என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால் சொல்லைப் பார்த்ததும் விஷயம் பிடிபட வேண்டும்.

> 'கொடிவழி மடிப்பு'?

படத்தைத் தாளாக நினைத்தால் அழகுதான். ஆனால் வினையாக்கிப் பாருங்கள்: "மூன்றாம் தலைமுறையில் கொடிவழி மடிகிறது." வம்சமே செத்துப்போச்சு என்றல்லவா படிப்பார்கள்?

> 'கொடிக்கூடல்'?

மதுரைக்காரனுக்குக் கூடல் என்றால் கசக்குமா! ஆனால் "முன்னோர் கூடுகிறார்கள்" என்றால் எண்ணிக்கை ஏறுவதாகத் தோன்றும். இங்கே அது குறைகிறது.

என் ஓட்டு 'கொடிப்பின்னல்'. வம்சாவளிக்குக் கொடிவழி ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். வேறு வேறாகப் போன இரண்டு கொடிகள் ஓரிடத்தில் பின்னிக்கொள்கின்றன, அவ்வளவுதான். "மூன்றாம் தலைமுறையில் கொடி பின்னுகிறது" என்று வினையாகவும் நிற்கும். எண்ணிக்கை குறைவது இதில் தெரியவில்லை என்பீர்கள். அதற்குப் பக்கத்திலேயே "இடம் 8, ஆள் 6" என்று காட்டிவிட்டால் போதும்.

அப்புறம், 'அகமணம் என்றே போடலாமே' என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அகமணம் ஒரு கூட்டம் தனக்குள்ளேயே சம்பந்தம் செய்கிற வழக்கம். இது ஒரு தனி ஆளின் வரைபடத்தில் தெரிகிற விளைவு. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கட்டும்.

– திருமங்கலத்திலிருந்து

---

> என் ஓட்டு 'கொடிப்பின்னல்'.

எனக்கும் சம்மதம், ஐயா. இரண்டு கட்டத்தில் வருகிற ஆளை மட்டும் 'பின்னிய முன்னோர்' என்று எழுதிவிடாதீர்கள், கூடை முடைந்தவர் மாதிரி இருக்கிறது. 'பின்னல் முன்னோர்' என்றே போடலாம். "தாத்தா பின்னிட்டாருப்பா" என்று பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சொல் மனசில் நின்றுவிடும்.

– சோழவந்தானிலிருந்து