மாமனாரின் ஃப்ளிப் போனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற்றினால் பெயர்கள் கிறுக்கலாக வருகின்றன, உதவி தேவை

டோக்கியோவில் இருக்கிறேன், மனைவி ஜப்பானியர். மாமனார் பல வருடமாக டோகோமோ என்ற செல்போன் நிறுவனத்தின் ஒரே ஃப்ளிப் போன்தான் வைத்திருக்கிறார். 2026 மார்ச் 31ஓடு அவர்களுடைய போமா 3ஜி நெட்வொர்க், ஐ-மோட் இணைய சேவை இரண்டும் நிற்பதால் வேண்டா வெறுப்பாக ஸ்மார்ட்போனுக்குச் சம்மதித்தார். இன்ஃப்ராரெட்டில் அனுப்பிவிடலாம் என்றார், புது போனில் அது ஏது? தொடர்புகளை மைக்ரோ எஸ்டியில் எடுத்து, கணினி வழியாக கூகுள் காண்டாக்ட்ஸில் ஏற்றினேன். எண்கள் சரி, பெயர்கள்தான் படிக்கவே முடியவில்லை. இன்னொன்று, அவருடைய டோகோமோ மெயில் முகவரி போய்விடுமா? ஜிமெயில் போதுமே என்றேன், முறைத்தார்.

கவாசாகிக்காரன்:
பழைய போன்கள் பெயரை ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானிய என்கோடிங்கில் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை) எழுதும், நீங்கள் ஏற்றிய இடம் அதை இப்போது பரவலாக இருக்கும் யுடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கிறது. எஸ்டியில் எடுத்த தொடர்புகள் இருக்கும் விசிஎஃப் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, என்கோடிங்கைத் தேர்ந்தெடுக்கவிடும் எடிட்டரில் ஷிஃப்ட்-ஜிஸ் ஆகத் திறங்கள். பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால், CHARSET என்று வரும் குறிப்பை எல்லா வரியிலும் நீக்கிவிட்டு யுடிஎஃப்-8இல் சேமித்து ஏற்றுங்கள். ஏற்கெனவே ஏற்றியதை முதலில் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் இரண்டிரண்டாக நிற்கும்.

கேட்டவர்:
அருமை, வந்துவிட்டது! ஆனால் வரிசை குழம்பிக் கிடக்கிறது, சுசுகி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

கவாசாகிக்காரன்:
பெயரை எழுதும் கான்ஜி (சீன வழி எழுத்து) வடிவத்தைப் பார்த்து உச்சரிப்புப்படி வரிசைப்படுத்த முடியாது, கானா என்ற ஒலியெழுத்தில் எழுதிய உச்சரிப்பு வேண்டும். ஃப்ளிப் போன் அதை விசிஎஃப்பில் SOUND என்ற தனி வரியில் வைக்கும், ஏற்றும்போது அது விடுபட்டிருக்கும். அடிக்கடி பேசுகிறவர்களுக்கு மட்டும் கையாலேயே போட்டுவிடுங்கள் சார், ஸ்கிரிப்ட் எழுதுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

சைதாமா அக்கா:
மெயில் விஷயத்தில் மாமனார் சொல்வதே சரி தம்பி. அவர் வயதுக்காரர்கள் பலர் ஸ்பாமுக்குப் பயந்து, செல்போன் நிறுவன முகவரிகளிலிருந்து வரும் மெயிலை மட்டும் ஏற்கும்படி போனில் வைத்திருப்பார்கள். ஜிமெயிலிலிருந்து அனுப்பினால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது, இவர் பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பார். டோகோமோவிலேயே இருந்தால் அதே முகவரியைத் தொடரலாம். வேறு நிறுவனத்துக்குப் போனாலும் 2021 டிசம்பரிலிருந்து கட்டணம் கட்டி வைத்துக்கொள்ள வழி உண்டு. மலிவுத் திட்டம் எடுத்தால் மட்டும் மெயில் அதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நகோயா மணி:
ஸ்மார்ட்போன்தான் வேண்டும் என்று யார் சொன்னது? இன்னொரு செல்போன் நிறுவனமான கேடிடிஐ 2022இல் 3ஜியை நிறுத்தியபோது என் பக்கத்து வீட்டுப் பெரியவர் 4ஜி ஃப்ளிப் போன் வாங்கினார். அதே பொத்தான், அதே மடிப்பு, உள்ளே ஓடுவது மட்டும் ஆண்ட்ராய்டு. செயலிகள் பெரிதாகக் கிடைக்காது, அவர் கேட்கவும் மாட்டார். எது வாங்கினாலும் பழைய போனில் எடி, சுய்கா போன்ற மின்பணம் பாக்கி இருந்தால் முதலில் பாருங்கள், பணம் போனுக்குள் இருக்கும் ஃபெலிகா சிப்பில் இருக்கிறது, சிம்மை மாற்றினால் கூடவே வராது.

கேட்டவர்:
பணம் ஒன்றும் இல்லை. போனிலேயே டிவி பார்க்கும் ஒன்செக் வசதியில் பதிந்த பேஸ்பால் ஆட்டங்கள் நிறைய வைத்திருக்கிறார், அவற்றை எடுக்கலாமா?

நகோயா மணி:
முடியாது, காப்புரிமைப் பூட்டு, பதிந்த போனில்தான் ஓடும். பழைய போனையும் சார்ஜரையும் பத்திரமாக வையுங்கள். சில மாடல்களில் சிம் இல்லாவிட்டால் திறக்காது, அதனால் கடைக்குப் போகும் முன் சிம்மைக் கழற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.