கிராஃபிக்ஸைக் குறைத்தும் கேம் வெட்டி வெட்டி ஓடுகிறதா? எனக்குச் சரியான விதம்

என்னுடையது ரைசன் 5 3600 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேம். காட்டுப் பக்கம் சுற்றும்வரை தொல்லையே இல்லை. நகரத்துக்குள் காரை வேகமாக விட்டால் போதும், படம் சட்டென்று நின்று நின்று ஓடும். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

இதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம் "செட்டிங்ஸை லோவில் வை" என்பதுதான். திணறுவது பிராசஸர் என்றால் அது உதவாது. ரெசல்யூஷனைக் குறைத்தால் கிராஃபிக்ஸ் கார்டு தன் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஃபிரேமுக்குக் காத்து நிற்கும், பிராசஸருக்கு ஓய்வே கிடைக்காது. குறைக்க வேண்டியது கேமில் நடமாடும் கூட்டத்தின் அளவு, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பது, நிழல் இவற்றைத்தான். டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேற்பரப்புப் படங்கள், பிராசஸரைப் பெரிதாகத் தொடுவதில்லை. கார்டில் மெமரி இருந்தால் தாராளமாக ஹையில் விடலாம்.

அப்புறம் ரிவாட்யூனர் என்ற மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் வர ஆகும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம் டைம் வரைபடத்தைத் திரை ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். எஃப்பிஎஸ் (ஒரு செகண்டில் வரும் ஃபிரேம்கள்) சராசரி 70, 80 என்று அழகாகக் காட்டும். ஆனால் கோடு மட்டும் திடீர் திடீரென்று மேலே குத்தும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். நடுவில் ஒன்றே ஒன்று 80 மில்லிசெகண்டைத் தொட்டாலும் கண் கண்டுபிடித்துவிடும். அதே மென்பொருளில் எஃப்பிஎஸ் 60-க்கு மேல் போகாதபடி பூட்டினேன். பிராசஸர் சுமை நன்றாகவே இறங்கியது, முக்கால்வாசி வெட்டு போய்விட்டது. தெருவையும் கட்டடங்களையும் அவ்வப்போது ஏற்றும் வேலைக்கு இப்போது பிராசஸரின் கோர்களில் இடம் இருந்தது.

மிச்சத்துக்குக் காரணம் ரேம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து கீழே பாருங்கள், வேகமும் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்பதும் இருக்கும். எனக்கு 2133, ஒரே ஸ்லாட். வாங்கியது 3200 வேக ஸ்டிக்! பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் அது அடிப்படை வேகத்திலேயே கிடக்கும். ரேமிலிருந்து தகவல் வரும்வரை சும்மா காத்திருக்கும் நேரத்தையும் டாஸ்க் மேனேஜர் 'வேலை' என்றே கணக்கு வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஒற்றை ஸ்டிக்கை மாற்றி 8 ஜிபி இரண்டு போட்டேன், தகவல் இரண்டு வழியில் வரட்டும் என்று. மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம். எக்ஸ்எம்பியையும் ஆன் செய்தபின் கோடு கிட்டத்தட்ட நேராகிவிட்டது. நான் செய்ததிலேயே பணத்துக்கு அதிகப் பலன் தந்தது இதுதான்.

யூடியூபில் சொல்வதை நம்பி எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்பில் கோர் எண்ணிக்கையை மாற்றாதீர்கள். அது கோர்களைக் குறைக்க உள்ள வசதி. விண்டோஸ் முதலிலிருந்தே எல்லாக் கோர்களையும் பயன்படுத்துகிறது. ரெஜிஸ்ட்ரியை "பூஸ்ட்" செய்யும் மென்பொருள்களையும் தொடவே வேண்டாம்.

புது டிரைவர் போட்ட பிறகு முதல் சில நிமிடம் மட்டும் வெட்டினால் அது வேறு சங்கதி. ஒளி, நிறம் எல்லாம் வரையும் ஷேடர் என்ற சிறு நிரல்களை மறுபடி தயார் செய்கிறது. சில கேம்கள் அதை முதல் திரையிலேயே செய்யும். அங்கே காட்டும் சதவீதம் 100 ஆகும்வரை பொறுங்கள், அவசரப்பட்டு ஸ்கிப் செய்யாதீர்கள்.