தமிழ்நாட்டு முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கான மாநில உதவிகள்: சிங்கப்பூரிலிருந்து எங்கே தொடங்குவது?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராகப் பணியாற்றி 2001-இல் ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பார் என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டைக்கு அருகில் இருக்கிறது. சென்ற ஆண்டு எங்களுடன் தங்குவதற்காக அம்மாவும் அவரும் இங்கு வந்திருந்தபோது, அப்பா உடல்நலம் குன்றி, 61 வயதில் இங்கேயே காலமானார். அம்மா இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டார். கடைக்குட்டியான என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள்; அப்பா ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவள்.

குடும்ப ஓய்வூதியம் அம்மாவின் கணக்குக்கு வரத் தொடங்கிவிட்டது. அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால், ஓய்வூதியம் தவிர மாநில அரசு தரும் கல்வி உதவி, திருமண உதவி, பொறியியல் படிப்பில் இட ஒதுக்கீடு போன்றவையும் உண்டு என்று உறவினர் ஒருவர் கூறினார். அவற்றை யாரிடம் கேட்பது, எந்த ஆவணங்கள் தேவை, நான் விடுப்பெடுத்து ஊருக்குப் போகாமல் இங்கிருந்தே எவற்றையெல்லாம் செய்ய முடியும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அப்பா முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இல் சேரவே இல்லை. அம்மா இனிமேல் சேர முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற சுபேதார் (செங்காங்) எழுதியது:

தம்பி, உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நானும் தமிழ்நாட்டிலிருந்து படைக்குச் சென்றவன்தான்; இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன்.

முதலில் எது யாருடைய பணம் என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியமும், 2014 ஜூலை 1 முதல் கணக்கிடப்படும் 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' என்ற திட்டமும், இ.சி.எச்.எஸ்.-உம், படையினருக்கான சலுகை விலைக் கடைகளில் பொருள் வாங்க உதவும் கேன்டீன் அட்டையும் ஒன்றிய அரசையும் படையையும் சார்ந்தவை. மாநில அரசு தருவதெல்லாம் உங்கள் மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகத்தான் வரும். அதன் தலைவர் உதவி இயக்குநர். அவருக்கு மேலே சென்னையில் இயக்குநரகம் இருக்கிறது. கல்வி உதவி, மகளின் திருமணத்துக்கான உதவி, ஈமச்சடங்கு உதவி, கடும் நோயுற்றவர்களுக்கான உதவி போன்றவை பெரும்பாலும் தொகுப்பு நிதியிலிருந்தும் கொடிநாள் நிதியிலிருந்தும் வழங்கப்படுகின்றன. பள்ளி நாள்களில் டிசம்பர் 7 அன்று சில்லறை கொடுத்துவிட்டுச் சட்டையில் ஒரு சிறிய கொடியைக் குத்திக்கொண்டு திரிந்திருப்பீர்கள். 1949 முதல் அப்படித் திரட்டப்படும் நிதிதான் அது.

குடும்ப ஓய்வூதியம் வருவதாலேயே இந்த அலுவலகத்தில் உங்கள் அம்மாவின் பெயர் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் தனித்தனிப் பதிவேடுகள். அப்பாவின் பழைய அடையாள அட்டையைக் காட்டி எதையும் பெற முடியாது. முன்னாள் படைவீரரின் கைம்பெண் என்ற முறையில் அம்மாவின் பெயரில் புதிய அடையாள அட்டை பெற வேண்டும். அசல் படைவிலகல் சான்று, ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படங்கள் ஆகியவற்றுடன் அவர் நேரில் செல்வதே நல்லது. இவற்றில் அம்மாவின் பெயர் எங்கெங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை இப்போதே எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். படைப்பிரிவு எழுத்தர் அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதிய பெயருக்கும் ஆதாரில் உள்ள பெயருக்கும் பொருத்தமில்லாமல் போவது எங்கள் தலைமுறையில் மிகச் சாதாரணம்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் தங்கையைப் பற்றியது. 2001-இல் வழங்கப்பட்ட படைவிலகல் சான்றில், அதற்குப் பிறகு பிறந்தவளின் பெயர் இருக்க வழியில்லை. தந்தையார் உயிருடன் இருந்தபோதே அவளுடைய பிறப்பைப் படை ஆவணங்களில் சேர்த்திருந்தால் கவலையில்லை. சேர்க்காதிருந்தால் அவளுக்கான கல்வி உதவி, இட ஒதுக்கீடு அனைத்தும் அந்த ஓர் இடத்தில் நின்றுவிடும். அவளுடைய பிறப்புச் சான்றையும் அம்மாவின் விண்ணப்பத்தையும் மாவட்ட அலுவலகத்தின் வழியாக, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு அனுப்பிப் பெயரைச் சேர்க்கக் கோருங்கள். கடிதப் போக்குவரத்துக்கு நாள் பிடிக்கும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்துவிட்டால் அந்த ஆண்டுச் சேர்க்கை கைநழுவிப் போகும்.

மத்திய படைவீரர் வாரியத்தின் உதவிகளும் இதே அலுவலகத்தின் சரிபார்ப்புக்குப் பிறகே கிடைக்கும் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகையில் மாணவிக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவருக்கு 2,500 ரூபாயும் தருகிறார்கள். பிளஸ் டூவில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். முதலாமாண்டிலேயே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களின் மகள் திருமணத்துக்கு அந்த வாரியம் தந்துவந்த 50,000 ரூபாய், 2025 நவம்பர் முதல் ஒரு லட்சம் ஆகியிருக்கிறது.

இ.சி.எச்.எஸ். தொடங்கியது 2003 ஏப்ரலில். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அதில் சேர்வது கட்டாயமாக இருக்கவில்லை. ஆகவே உங்கள் தந்தையார் சேராததில் வியப்பில்லை. குடும்ப ஓய்வூதியம் பெறும் அம்மா இப்போதும் சேரலாம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பங்களிப்புத் தொகையில் விலக்கு உண்டு. உங்கள் தந்தையார் அந்த வரம்பில் வராததால், அவருடைய பதவிக்கேற்ற தொகையை ஒரே முறை செலுத்த நேரிடும். தயங்காமல் செலுத்திவிடுங்கள். ஆனால் அந்தத் திட்டத்தின் அட்டை இந்தியாவில் உள்ள அதன் பாலிகிளினிக்குகளிலும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளிலும்தான் செல்லும். அம்மா உங்களைப் பார்க்க வரும்போது இங்கே ஆகும் மருத்துவச் செலவுக்குத் தனிக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும்.

கல்யாணி (தெம்பனீஸ்) எழுதியது:

சுபேதார் ஐயா கூறியவற்றோடு, இறப்புச் சான்று குறித்து மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் பணிபுரியும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இத்தகைய கோரிக்கைகள் அடிக்கடி வரும். 2022 மே 29 முதல் சிங்கப்பூரில் இறப்புச் சான்று மின்னிலக்க வடிவில் மட்டுமே வழங்கப்படுகிறது. அதை அச்சிட்டு எடுத்துச் சென்றால், முத்திரையோ கையெழுத்தோ இல்லாத வெறும் தாளாகவே ஊரிலுள்ள அலுவலர்களின் கண்ணுக்குப் படும். ஆகவே நோட்டரி ஒருவரிடம் சான்றொப்பம் பெற்று, பிறகு சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தைப் பிற உறுப்பு நாடுகளும் ஏற்பதற்கான சான்று, பெற்றுக்கொள்ளுங்கள். அப்போஸ்டில் உடன்படிக்கை 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரில் நடைமுறையில் இருக்கிறது; இந்தியா 2005 முதலே அதில் உறுப்பு நாடு. எனவே அதற்குமேல் தனியாக வேறொரு சான்றொப்பம் தேவைப்படாது. தந்தையார் இந்தியக் குடிமகன் என்றால், கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் இறப்பைப் பதிவு செய்ய முடியும். ஊரில் காட்டுவதற்கு அந்தச் சான்றும் கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று. பிள்ளைகள் பலரும் முதலில் கேட்பது, பெற்றோர் சார்பில் தாங்களே கையெழுத்திட உரிமை தரும் அதிகாரப் பத்திரத்தைப் பற்றித்தான். உங்கள் நிலையில் அது தேவையில்லை. உதவிக்கு உரியவர் அம்மா. விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவர்தான். நீங்கள் இங்கிருந்து செய்யக்கூடியது ஆவணங்களைச் சீராக்கி அனுப்புவதும் இணைய விண்ணப்பங்களை நிரப்ப உதவுவதும் மட்டுமே. ஆண்டுதோறும் தர வேண்டிய வாழ்நாள் சான்றின் காலத்தில் அம்மா இங்கு இருக்க நேர்ந்தால், அதையும் தூதரகத்தில் பெறலாம்.

மணி_ஜூரோங் எழுதியது:

இவ்வளவு அலைச்சலுக்கு ஈடாகக் கிடைக்கும் தொகை, இங்கு சம்பாதிப்பவருக்கு ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது என்பது என் கருத்து. ஊரில் இதற்கென்றே ஆள் வைத்து முடித்துத் தருகிறார்கள்; ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் தலைவலி இல்லை. மேலும், என் மாமனாரும் முன்னாள் படைவீரர்தான். என் மகன் இங்கு தேசிய சேவையை முடித்திருக்கிறான். பேரன் என்ற முறையிலோ படைப்பணி செய்தவன் என்ற முறையிலோ அவனுக்குத் தமிழ்நாட்டுக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற சுபேதார் (செங்காங்) எழுதியது:

கிடைக்காது. இட ஒதுக்கீட்டுக்கு, முன்னாள் படைவீரரைச் சார்ந்தவர் என்பதைக் காட்டும் சார்ந்தோர் சான்று வேண்டும்; அது மகனுக்கும் மகளுக்கும் உரியது, பேரப்பிள்ளைகளுக்குத் தரமாட்டார்கள். இந்திய அரசின் வரையறையில் முன்னாள் படைவீரர் என்றால் இந்தியப் படைகளில் பணியாற்றியவர். உங்கள் மகனுடைய தேசிய சேவைக்கான சலுகைகள் இந்த நாட்டில்தான் உண்டு. அவனால் பெற்றோருக்கு ஆண்டுக்கு 750 வெள்ளி வருமானவரிக் கழிவு கிடைப்பதை நீங்கள் ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருப்பீர்கள்.

ஆள் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அசல் படைவிலகல் சான்றை வெளியாளிடம் ஒப்படைக்கவே கூடாது. தொலைந்தால் நகல் பெறுவதற்கு மறுபடியும் ஆவண அலுவலகத்தின் படியேற வேண்டும். அந்த அலுவலகத்தில் பணிபுரிபவர்களில் பலர் எங்களைப் போல் படையிலிருந்து வந்தவர்களே. ஒரு கைம்பெண் நேரில் வந்து அமர்ந்தால் விண்ணப்பத்தை அவர்களே எழுதிக்கொடுப்பதும் உண்டு. விண்ணப்பம் நகராவிட்டால் மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். தொகை சிறிது என்பதைப் பொறுத்தவரை, மகனிடம் கேட்காமல் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த ஒரு தாய்க்கு உதவும் பணத்தை வாடகையோடு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈசூன்வாசி எழுதியது:

ஐயாவுக்கும் கல்யாணி அக்காவுக்கும் மிக்க நன்றி. படைவிலகல் சான்றைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். குடும்ப விவரப் பக்கத்தில் அம்மாவின் பெயரும் என் பெயரும் மட்டுமே உள்ளன. தங்கையின் பிறப்புச் சான்றுடன் அம்மா வரும் வாரம் மாவட்ட அலுவலகத்துக்குச் செல்கிறார். தங்கைக்குப் பொறியியல் படிக்க விருப்பம். அந்த இட ஒதுக்கீடு எப்படிச் செயல்படுகிறது என்பதையும், அம்மா ஒரு தையற்கடை வைக்க எண்ணுவதால், செய்திகளில் வந்த ஒரு கோடி ரூபாய்க் கடன் திட்டம் அவருக்குப் பொருந்துமா என்பதையும் விளக்க முடியுமா?

ஓய்வுபெற்ற சுபேதார் (செங்காங்) எழுதியது:

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பொதுக் கலந்தாய்வுக்கு முன்பாகச் சிறப்புப் பிரிவில் அவை நிரப்பப்படும். போரில் உயிர்நீத்தவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்த பிறகே மற்றவர்களின் முறை வரும் என்பதால், இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பொதுப் பிரிவிலும் அவள் பெயர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துடன் உதவி இயக்குநர் கையெழுத்திட்ட சார்ந்தோர் சான்றை இணைக்க வேண்டும். மே மாதவாக்கில் விண்ணப்பம் தொடங்கும்போது அந்தச் சான்று கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் வெலிங்டன் கடிதத்தை முதல் வேலையாகச் சொன்னேன்.

நீங்கள் குறிப்பிடும் கடன் திட்டம் 'முதல்வரின் காக்கும் கரங்கள்'. 2024 சுதந்திர நாள் உரையில் அறிவிக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடன், அதில் 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம் என்பது அதன் அமைப்பு. மானியம் போக எஞ்சியது கடன்தான். திருப்பிச் செலுத்தியாக வேண்டும். ஒரு தையல் இயந்திரமும் ஒரு சிறு அறையும் போதும் என்ற அளவில் தொடங்குவதற்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையா என்று யோசியுங்கள். கைம்பெண்களில் யார் யார் தகுதியுடையவர்கள் என்பதை அடையாள அட்டைக்காகச் செல்லும் அதே நாளில் உதவி இயக்குநரிடமே அம்மா கேட்டுவிடலாம். ஈமச்சடங்கு உதவிக்கான கால வரம்பையும் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள். ஓராண்டு நெருங்குகிறது என்றால் அந்த விண்ணப்பத்தை அன்றே கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கி வரட்டும்.